பாதருக்

கோகுலன் அந்த வார்த்தையை எழுதியபோது இதழினி அங்கே இல்லை. பெரம்பலூரில் வேறொரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி மேகலா திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே, ‘என்னன்னு பாரும்மா, சீக்கிரம்’ என்று ஒரு வரி.

படத்தில் ஒரே வார்த்தை மூன்று முறை இருந்தது.

பாதருக். பாதருக். பாதருக்.

இதழினி பஸ் பிடித்துத் திருச்சிக்கு வந்து, உறையூரில் மேகலாவின் வீட்டை அடைவதற்குள் கோகுலனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கட்டில் காலியாக இருந்தது. திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வலிப்பு வந்துவிட்டது என்றால் எழுத்துகள் மறுபடி இடம் மாறியிருக்கும். இனி அவர் எழுதப்போவதை வைத்துப் பழைய வார்த்தையைப் படிக்க முடியாது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகுலன் பஸ்களுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். நரம்பு நோயில் முதலில் கை போனது, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசியில் கண்ணிமையும் அசையாமல் நின்றுவிட்டது. மூச்சுக்கு ஒரு இயந்திரம் வந்தது. பேச்சுக்கு மண்டைக்குள் நகத்தளவு சிப் ஒன்றை வைத்தார்கள். அவர் ஒரு எழுத்தை மனத்துக்குள் எழுதினால் அது திரையில் வரும். சில வருடங்கள் ஒழுங்காக வந்தது. பிறகு அந்த சிப்பை விற்ற நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. சரிசெய்ய ஆளில்லை. ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் எழுத்துகள் ஒன்றன் இடத்தில் ஒன்றாக மாறி உட்கார்ந்தன. அவர் ‘த’ என்று நினைத்தால் ‘ப’ வரும். அடுத்த வலிப்புவரை எல்லாத் ‘த’வும் ‘ப’தான். அதற்குப் பிறகு வேறொன்று.

இப்படிக் கைவிடப்பட்டவர்கள் மாநிலம் முழுக்க நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்காக அரசு வாசிப்பாளர்களை நியமித்தபோது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துப் பழைய போட்டித் தேர்வுப் பட்டியல்களைத் தூசு தட்டினார்கள். இதழினி அப்படித்தான் வந்தாள். இருபதுகள் முழுவதையும் வங்கித் தேர்வுக்குப் படித்தே தீர்த்தவள். கணக்கு சுமார், ஆங்கிலம் அதைவிடச் சுமார். ஆனால் திறனறிப் பகுதியில், இந்த வார்த்தையை இப்படி எழுதினால் அந்த வார்த்தையை எப்படி எழுதுவாய் என்று கேட்கும் எழுத்து மாற்றுக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. வங்கிகள் ஆள் எடுப்பதையே நிறுத்திய பிறகு அந்தத் திறமைக்கு வந்த ஒரே வேலை இது. வேலை கிடைத்த அன்று அழுதாள். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாள்.

*

கோகுலனின் தம்பி தினகரன் மறுநாள் பெங்களூரிலிருந்து வந்தான். மூவரும் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார்கள். உள்ளே கோகுலனுக்கு மயக்க மருந்து போகிறது. எப்போது தெளிவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

“இதை ஒரு மெஷின்ல போட்டா ஒரு செகண்ட்ல சொல்லிடாதா?” என்றான் தினகரன்.

“முதல்ல மெஷின்தான் படிச்சுது சார். அது பாதி எழுத்தைப் பார்த்துட்டு மீதிய அதுவே நிரப்பிடும். ஒரு பெரியவர் சொல்லாத உயிலை அவர் சொன்னதா அச்சடிச்சுக் குடுத்துச்சு. அதுக்கப்புறந்தான் மனுசங்க மட்டுந்தான் படிக்கணும்னு கோர்ட்ல சொன்னாங்க.”

“சரி, நீங்க எப்படிப் படிக்கிறீங்க?”

இதழினி ஒரு தாளை எடுத்தாள். “கொம்பு, கால், புள்ளி, இதெல்லாம் மாறாது. அதெல்லாம் மூளைல வேற இடம். ‘க’, ‘ம’, ‘ல’ இந்த மாதிரி எழுத்து மட்டுந்தான் எடம் மாறும். அதனால ஒவ்வொரு தடவையும் அண்ணன் மொதல்ல அக்கா பேரை எழுதுவார். அப்படின்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. மேகலான்னு தெரிஞ்ச பேரு. அதை வெச்சு மூணு எழுத்து கிடைச்சுடும். அதை வெச்சு அடுத்த வார்த்தை. அப்படியே போகும்.”

“இதுல பேர் இல்லையே.”

“இல்ல. நேரா இந்த வார்த்தைக்குப் போயிட்டார்.”

மேகலா மடியில் இருந்த பிளாஸ்க் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். “என்ன வார்த்தைன்னு சொல்லும்மா. நேத்துலருந்து நீ சுத்தி வளைக்கிற.”

இதழினி தாளில் எழுதினாள். “கடைசில ‘ருக்’னு வருது பாருங்க. அது ‘ணும்’. வேணும், போகணும்னு சொல்றோமே, அந்த ‘ணும்’. அதுல சந்தேகமில்ல. முன்னாடி ரெண்டு எழுத்து. மொத எழுத்துக்குக் கால் இருக்கு. ரெண்டாவது வெறும் எழுத்து.” அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக எழுதினாள். “வாழணும். இது பொருந்துது.”

தினகரன் மூச்சை விட்டான். “நான் சொன்னேன்ல அண்ணி?”

“இன்னொண்ணும் பொருந்துது சார்.”

அவள் அதை எழுதவில்லை. மேகலாதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“சாகணும்.”

பக்கத்து வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“ஒரே அச்சுதான் அக்கா. கால் அங்கதான் வருது, புள்ளி அங்கதான் வருது. பேர் எழுதியிருந்தா ‘க’ எதுன்னு தெரிஞ்சிருக்கும். அதோட முடிஞ்சிருக்கும்.”

“அண்ணன் அப்படிச் சொல்ற ஆள் கிடையாது” என்றான் தினகரன். “மூணு தடவ எழுதியிருக்காருன்னா எவ்வளவு ஆசையா எழுதியிருப்பாரு? வாழணும்னுதான்.”

“ஆசையாத்தான் எழுதியிருப்பாரு தம்பி. எதைன்னுதான் கேள்வி.” மேகலா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். “நீங்க ஒரு வாரம் வந்து இருங்க. மூக்குல குழாய மாத்துங்க, சளி எடுங்க, ஈரத்துணி மாத்துங்க. அப்புறம் சொல்லுங்க, எந்த வார்த்தைன்னு.”

தினகரன் அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டான். வேலை என்றான். போகும்போது இதழினியைத் தனியாக அழைத்து, “தப்பா ஏதும் எழுதிடாதீங்க மேடம்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் கெட்டவனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

*

நோயாளி தன் எழுத்திலேயே கேட்டால்தான் மூச்சு இயந்திரத்தை நிறுத்தலாம் என்பது சட்டம். கேட்டாரா என்று சொல்ல வேண்டியது வாசிப்பாளர். ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர் டாக்டர் யூசுப், இதழினியிடம் அறிக்கை கேட்டார்.

‘தரவு போதாது’ என்று எழுதிக் கொடுத்தாள். தேர்வில் அப்படி ஒரு விடை உண்டு. சரியாக இருக்கும்போது அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

டாக்டர் யூசுப் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை வெச்சு நான் என்னம்மா பண்றது? அவர் மறுபடி எழுதுற அளவுக்குத் தெளிவாரான்னே தெரியல. நுரையீரல் பாதி போயிடுச்சு. இந்த வீட்டுக்காரம்மா தினமும் என் ரூம் வாசல்ல நிக்கிறாங்க. எதுவும் கேக்கிறதில்ல. சும்மா நிக்கிறாங்க.”

“ரெண்டுமே பொருந்துது சார்.”

“ரெண்டும் பொருந்துது. சரி. ஆனா நீ ரெண்டு வருசமா அவரைப் படிக்கிற. எங்க யாருக்கும் தெரியாத மனுசன் உனக்குத் தெரியும். அதைத்தான் கேக்கிறேன். நீ சொல்ற வரைக்கும் குழு கூடப்போறதில்ல.”

அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

வாரங்கள் போயின. கோகுலன் தெளியவில்லை. திரை வெறுமையாகவே இருந்தது. இதழினி பெரம்பலூருக்கும் மணப்பாறைக்கும் போய்வந்துகொண்டே, நடுவில் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தாள். பழைய வாசிப்புகளை எல்லாம் மறுபடி படித்தாள். ஒரு முறை அவர் ‘இதெல்லாம் எதுக்கு’ என்று எழுதியிருந்தார். இன்னொரு முறை, ‘மேகலா இளைச்சுட்டா’. வேறொரு முறை, பட்டறையில் தாம் கடைசியாகக் கட்டிய பஸ் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தார். எதிலும் விடை இல்லை. எதைப் படித்தாலும் அன்றைக்கு அவளுக்கு இருந்த மனநிலைக்கு ஏற்ப அது ஒரு பக்கம் சாய்ந்தது.

ஒரு நாள் கேன்டீனில் மேகலா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு டீ வாங்கி வந்திருந்தாள். தன்னுடையதைத் தொடவேயில்லை.

“இதழு, ஒண்ணு சொல்றேன். தப்பா நினைக்காத.”

“சொல்லுங்கக்கா.”

“மெஷின் சத்தம் நின்னுபோன மாதிரி கனவு வருது. பதறி எந்திரிச்சுப் பாத்தா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்ப எனக்குள்ள ஒண்ணு வருது பாரு, அது நிம்மதியா ஏமாத்தமான்னு எனக்கே தெரியல. நல்ல பொண்டாட்டி மாதிரி நடிச்சு நடிச்சு எனக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னே மறந்துபோச்சு.” மேசை மேல் சிந்திய டீயை விரலால் தேய்த்தாள். “எனக்காகச் சொல்லாத. அவருக்காகவும் வேணாம். உனக்கு என்ன தோணுதுன்னு மட்டும் சொல்லு.”

இதழினி அவளைப் பார்த்தாள். மேகலாவுக்கு வயது நாற்பத்தைந்துதான் இருக்கும். புடவையின் ஓரம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. அவளிடம் ‘தெரியாது’ என்று இன்னொரு முறை சொல்ல இதழினிக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவளும் ஓய்ந்துபோயிருந்தாள்.

“பேரைக்கூட எழுதாம எழுதியிருக்கார்” என்றாள். “முறையா எழுதக்கூடப் பொறுமை இல்ல. மூணு தடவ. ஆசைப்படுறவங்க அப்படி எழுத மாட்டாங்கக்கா. முடியாதவங்கதான் எழுதுவாங்க.”

“அப்ப?”

“சாகணும்.”

மேகலா தலையை ஆட்டினாள். அழவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

இதழினி புது அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டாள். டாக்டர் யூசுப் அதை இரண்டு முறை படித்தார். குழு கூடி, இயந்திரத்தை நிறுத்தலாம் என்றது. தினகரனுக்குத் தகவல் போனது. அவன் தொலைபேசியில், “அண்ணி சொன்னா சரி” என்றான்.

*

வீட்டிலேயே நடக்கட்டும் என்று மேகலா கேட்டுக்கொண்டாள். கோகுலனை உறையூருக்குக் கொண்டுவந்து, பழைய கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். மறுபடி வலிப்பு வரும் என்று அதுவரை குறைக்காமல் வைத்திருந்த மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். காதில் விழும், பேச வேண்டியவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். இயந்திரத்தை நிறுத்த மறுநாள் காலை அவர் வருவார். கடைசி நேரத்தில் நோயாளி மனம் மாறினால் படிக்க வேண்டும் என்பதால், முந்தைய நாளே வாசிப்பாளர் வந்து உட்கார வேண்டும். அது விதி. அப்படி யாரும் எதுவும் எழுதி இதழினி பார்த்ததில்லை.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தினகரன் அண்ணனின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தாங்க முடியாமல் தெருவில் போய் நின்றுகொண்டான். மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்துகிடந்தது. மேகலா ஒரு துணியை நனைத்துக் கோகுலனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இதழினிக்குக் கண் செருகியது.

“இதழு!”

திரையில் எழுத்து வந்துகொண்டிருந்தது. மிக மெதுவாக, ஒவ்வொன்றாக.

ணேயபா.

அவர் மனைவியின் பெயர். ‘ம’ இப்போது ‘ண’. ‘க’ இப்போது ‘ய’. ‘ல’ இப்போது ‘ப’. இதழினி தாளை இழுத்தாள். அவசரத்தில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அடுத்து ‘ணுறுயு’ என்று வந்தது.

“மு, என்னமோ, கு” என்று முணுமுணுத்தாள். “முதுகு. முதுகுக்கா.”

“முதுகா? முதுகுக்கு என்ன?”

‘எசிடுறு’ என்று வந்தது. கடைசி எழுத்து ‘து’ என்று இப்போது தெரியும். எ, என்னமோ, என்னமோ, து. முதுகு என்ன செய்யும்? வலிக்கும், அரிக்கும், எரியும். “எரியுது” என்றாள். “முதுகு எரியுதாம்.”

மேகலா துணியைப் போட்டுவிட்டு அருகில் வந்தாள். அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

னாடவுண்.

இதழினி அதைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினாள். முதல் எழுத்துக்குக் கால். இரண்டாவது வெறும் எழுத்து. பிறகு ‘ணும்’. அதே அச்சு. ஆனால் இந்த முறை இரண்டாவது எழுத்து எதுவென்று தெரியும். ‘எரியுது’ என்பதில் வந்துவிட்டது. அது ‘ழ’ அல்ல, ‘க’வும் அல்ல.

அது ‘ய’.

“என்னம்மா? என்ன சொல்றாரு?”

“சாயணும்.”

“என்னது?”

“சாயணும்கிறாரு அக்கா. ஒரு பக்கமா. முதுகு எரியுது, சாயணும்.” அவள் குரல் எங்கிருந்தோ வருவது போல அவளுக்கே கேட்டது. திரையில் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் படித்தாள். “அன்னைக்கே சொன்னேன்.”

மேகலா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வாரம்...” என்றாள். “நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு நிமித்தி வைக்கச் சொன்னாங்க. ராவும் பகலும் நிமித்தியே வெச்சிருந்தேன். அசைக்கவே கூடாதுன்னாங்க. அவருக்கு எடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தாத்தான்...”

இதழினி வாசிக்கும் மனிதர்கள் கேட்பதெல்லாம் அநேகமாக இப்படிப்பட்டவைதான். கொசு கடிக்கிறது. டிவி சத்தத்தைக் குறை. போர்வை காலிலிருந்து விலகிவிட்டது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இரண்டே இரண்டு விடைகள்தான் இருந்தன. மூவரும் சேர்ந்து அவற்றை வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒன்றை யாரும் தேடவில்லை.

“பிடிம்மா” என்றாள் மேகலா. “குழாய் இழுக்காம பாத்துக்க.”

இதழினி குழாயைப் பிடித்துக்கொண்டாள். மேகலா அவருடைய வலது தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்தாள். தோல் அங்கங்கே செந்நிறமாகக் கன்றியிருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினாள். ஒரு தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். இன்னொன்றை முழங்கால்களுக்கு நடுவில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பலாமா என்று யோசித்து, தோளை மறுபடி தொட்டாள்.

அப்போது திரையில் ஒரு வார்த்தை வந்தது.

கோறுண்.

இதழினிக்குத் தாள் தேவைப்படவில்லை. நடு எழுத்து ‘து’, கடைசி ‘ம்’. முதல் எழுத்து எது என்று கேட்கவே வேண்டாம்.

“போதும்” என்று படித்தாள்.

மேகலாவின் கை அப்படியே நின்றது. கணவனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் அசையாது, அசைந்து பல வருடங்கள் ஆயிற்று. பிறகு இதழினியைப் பார்த்தாள். இதழினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலா கையைத் தோளிலிருந்து எடுத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையிலேயே சரிந்து உட்கார்ந்து, கட்டில் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனாள். திரையில் அதன்பிறகு எதுவும் வரவில்லை. கோகுலனும் தூங்கியிருக்க வேண்டும். எது போதும் என்று எழுப்பிக் கேட்கலாம். எழுத்தெல்லாம் இப்போது தெரியும், எதைக் கேட்டாலும் படித்துவிடலாம். இதழினி கேட்கவில்லை.

அடுப்படிக்குப் போய் டாக்டர் யூசுப்பைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு வேணாம் சார். நான் குடுத்த அறிக்கை தப்பு. அவர் மறுபடி எழுதினார். அன்னைக்கு எழுதினது சாகணும் இல்ல, சாயணும். படுக்கை சரியில்லன்னு சொல்லியிருக்கார். நான் எழுத்துல குடுத்துடறேன், என் பேர்ல என்ன நடவடிக்கைன்னாலும் எடுங்க.”

மறுமுனையில் டாக்டர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“சரி, அது அப்புறம்” என்றார் டாக்டர். “இப்ப அவருக்கு என்ன வேணுமாம்? நிறுத்தறதா, வேணாமா? அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா? கடைசியா என்ன எழுதினார்?”

இதழினி கதவோரம் வந்து உள்ளே பார்த்தாள். இடப்பக்கம் ஒருக்களித்த உடல். கீழே தூங்கும் மேகலா. திரையில் அந்த ஒற்றை வார்த்தை அழியாமல் நின்றது. அதில் ஒரு எழுத்துக்கூடச் சந்தேகமில்லை.

“சாய்ச்சுவிட்டா போதுமாம் சார்” என்றாள்.